நெஞ்சுக்கு விலங்கு ஏது?

(மேல்பட்டாம்பாக்கம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பகுத்தறிவு பேசும் பாசறையைச் சேர்ந்தவனுக்குக் கிறித்துவத் தொண்டரின் கதை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும்! ஆலயம் செல்வதும் செல்லாதிருப்பதும் அவரவர் விருப்பம். ஆனால், செல்பவனை மறித்துத் தடி தூக்குவது கொடுங்கோன்மை. அந்தத் தடியை எதிர்ப்பதிலே ஆத்திகர், நாத்திகர் என்ற பேதம் நமக்கில்லை.

1712-இல் நட்டாலத்தில் பிறந்தவர் நீலகண்டன். உயர்த்திச் சொல்லப்பட்ட சாதி. மார்த்தாண்ட வர்மன் ஆண்ட திருவிதாங்கூரிலே அரண்மனைப் பணி. 1741 குளச்சல் போரிலே சிறைப்பட்டு, பின்னர் அதே மன்னனின் படைக்குப் பயிற்சியளித்த டிலனாய் வழியாகக் கிறித்துவத்தை அறிந்தார். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். தள்ளிவைக்கப்பட்ட மக்களோடு தயங்காது பழகினார். பொறுக்குமா ஆதிக்கம்? 1749-இல் சிறை. எருமை மீதேற்றி ஊர்வலம், உடலெங்கும் அடி, புண்ணிலே மிளகாய்த்தூள் என்று திருச்சபை வரலாறு கூறுகிறது. கொண்ட நெறியைக் கைவிட்டிருந்தால் உயிர் பிழைத்திருப்பார், கைவிடவில்லை. 1752 ஜனவரி 14 அன்று, ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையிலே சுட்டுக் கொன்றனர். சுட்டவன் பெயரை யார் அறிவார்? சுடப்பட்டவரையோ, 2022 மே 15 அன்று புனிதர் என அறிவித்தது வத்திக்கான். சாதிப் பட்டத்தை நீக்கிய பெயரோடு அறிவித்தது!

அதே தென்திருவிதாங்கூரிலே, கிறித்துவம் தழுவிய நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்துத் தோள்சீலை அணிந்தனர். அதற்காகச் சீலை கிழிக்கப்பட்டது. ஆலயங்களும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. பணிந்தார்களா அந்தத் தாய்மார்கள்? 1859 ஜூலை 26 அன்று பிரகடனம் வந்தது, பணிந்தது அரசு!

புறத்தே இருந்த பகையைச் சொன்னேன். அகத்தே இருந்த பகையையும் சொல்லத்தான் வேண்டும். தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பின்னாளிலே ஆலயத்துக்குள்ளேயே சாதிச் சுவர் நின்றது. 1910-இல்தான் அது இடிந்தது. இந்த மேல்பட்டாம்பாக்கத்து மண்ணுக்கோ வேறொரு பெருமை உண்டு. கார்ல் ஓக்ஸ் என்ற செர்மானியப் பாதிரியார், சபைக்குள்ளே சாதிக்கு இடம் கொடுப்பதை ஏற்காமல் லைப்சிக் மிஷனை விட்டு வெளியேறி, 1860-களின் தொடக்கத்திலே இங்கே வந்து 'பெத்தானியா' நிலையத்தை நிறுவினார். தன்னவரை எதிர்த்து நிற்பதும் துணிவுதான், தோழர்களே!

இன்று துப்பாக்கி இல்லை. ஒரு தாள் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை. பட்டியல் சாதி உரிமை சீக்கியருக்கு 1956-இலும், பௌத்தருக்கு 1990-இலும் கிடைத்தது. கிறித்துவம் தழுவிய ஆதிதிராவிடருக்கோ கதவு மூடியே கிடக்கிறது. மதம் மாறினான் என்கிறது சட்டம், சேரி மாறியதா? சுடுகாடு மாறியதா? தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19 அன்று, அவ்வுரிமையை வழங்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. டில்லி செவி சாய்க்க வேண்டாமா?

சான்றிதழுக்காகச் சிலுவையை மறைத்துக்கொள்ளும் நிலை ஒரு குடிமகனுக்கு வருமானால், அவமானம் அவனுக்கன்று; ஆட்சிக்கு! கிறித்துவத் தோழனே, உன் நம்பிக்கையை உரக்கச் சொல். அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு உன் பக்கம். உன்னோடு சேர்ந்து வணங்க வாரேன். ஆனால், நீ வணங்கும் உரிமைக்காக உன்னோடு சேர்ந்து நிற்பேன்!