கப்பல் ஏறும் முன்பே

கொரோனா காலம். 2020 ஜூன் 2. கொழும்பில் சிக்கித் தவித்த நம்மவர்கள் ஏறக்குறைய 700 பேர், ஐ.என்.எஸ். ஜலாஷ்வா என்ற கடற்படைக் கப்பலில் தூத்துக்குடி வந்து இறங்கினார்கள். அந்தப் பணிக்குப் பெயர் சமுத்திர சேது.

ஊர் திரும்புகிற சந்தோஷம் இருந்தாலும், பக்கத்தில் இருப்பவருக்குத் தொற்று இருந்தால் என்ன செய்வது என்ற பயமும் அவர்களுக்கு இருந்திருக்கும். நியாயமான பயம்தான். மயிலாப்பூர் அறுபத்துமூவர் திருவிழாக் கூட்டத்தில் மூச்சு முட்டினால் பக்கத்துச் சந்தில் ஒதுங்கிவிடலாம். நடுக்கடலில் எங்கே ஒதுங்குவது?

அதனால்தான் அன்று ஏறும் முன்பே பரிசோதனை. இறங்கிய பின் தனிமை.

இன்று சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் போகிறீர்களா? அதே கவனம் வேண்டும். காய்ச்சல் இருந்தால் மறைக்காதீர்கள். ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். பயணத்தைத் தள்ளிப் போடலாம், அடுத்த கப்பல் வரும்.