கல்லில் பதிந்த செடிகள்

(பழைய மாணவிகள் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



தாவரவியல் படித்தவர்களுக்குச் செய்முறைக் கொப்பி நினைவிருக்கும். பென்சில் கூராக இருக்கவேண்டும், நிழல் தீட்டக்கூடாது, பெயரிடும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டக்கூடாது. அந்தக் கண்டிப்புக்கு ஒரு பழைய பரம்பரை உண்டு.

ரொபர்ட் வைட் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர் 1819இல் கிழக்கிந்தியக் கம்பனிச் சேவைக்காக இந்தியா வந்தவர். 1838 முதல் 1853 வரை சென்னையில் ஆறு பாகங்களாக அவர் வெளியிட்ட ‘ஐக்கோனிஸ்’ என்ற நூலில் 2101 செடிப்படங்கள் இருக்கின்றன. அவை கல்லச்சுப் படங்கள், வர்ணம் இல்லாதவை. வர்ணம் வேண்டுமென்றால் அந்நாளில் ஒவ்வொரு பிரதியையும் கையால் தீட்டவேண்டும். விலை எங்கேயோ போய்விடும்.

கல்லச்சு என்பது எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற அடுப்படி அறிவுதான். மட்டமாகத் தேய்த்த சுண்ணாம்புக்கல்லில் கொழுப்புச் சேர்ந்த மையால் வரைவார்கள். கல்லை நனைத்தால் வெறும் இடம் நீரைப் பிடிக்கும், கோடு பிடிக்காது. பிறகு அச்சுமையை உருட்டினால் அது கோட்டில் மட்டும் ஏறும். தாளை வைத்து அழுத்தவேண்டியதுதான்.

வர்ணம் இல்லாதபோது கோடுதான் எல்லாம் சொல்லவேண்டும். நரம்பு எங்கே பிரிகிறது, இலைக்காம்பில் மயிர் உண்டா, சூலகத்தில் எத்தனை அறை என்று. பூவை வெட்டி, பெருப்பித்து, கீழே தனியாகப் போட்டிருப்பார்கள். கைத்தொலைபேசிப் படம் அன்று முன்னால் நின்ற ஒரு செடியை, அதன் பூச்சி தின்ற இலையோடு காட்டும். இவை அந்த இனத்தையே காட்டுகின்றன. ஆகவேதான் இன்றும் ஆய்வாளர் இவற்றைப் புரட்டுகிறார்கள்.

வரைந்தவர்கள் யார்? ருங்கையா, அவருக்குப் பின் கோவிந்து என்ற இரு தென்னிந்திய ஓவியர்கள். அக்காலத்தில் கம்பனிக்காரருக்கு வரைந்துகொடுத்த எத்தனையோ பேர் பெயரில்லாமலே போனார்கள். வைட் இவர்களின் பெயரைப் படத்தின் அடியிலேயே அச்சிட்டார். ஓர் ஓர்க்கிட் பேரினத்துக்குக் ‘கோவிந்தூயியா’ என்றும் பெயர் வைத்தார். அது இப்போது ‘திரொப்பிடியா’வுக்குள் அடங்கிவிட்டது, பெயர் செல்லாது. எனக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம்தான்.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 1836இல் வைட் இலங்கைக்கு வந்து செடி சேகரித்தார். அக்காலத்தில் இங்கே செடிகளைத் தேடித் திரிந்து, தானே வரைந்தும் வைத்தவர் அனா மரியா வாக்கர் என்ற இராணுவ அதிகாரியின் மனைவி. ‘லிபாரிஸ் வாக்கரியே’ என்ற ஓர்க்கிட்டில் அவர் பெயர் நிற்கிறது.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் தங்கைமாருக்கு ஒன்று சொல்லவேண்டும். ருங்கையாவும் கோவிந்துவும் கையால் வரைந்த மூலப்படங்கள் எடின்பரோ அரச தாவரவியல் பூங்காவிலும், லண்டன் கியூவிலும் பாதுகாப்பாக உள்ளன. அச்சான பக்கங்களை இணையத்திலே வீட்டிலிருந்தே பார்க்கலாம். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு, படத்தின் அடியில் உள்ள அந்தச் சின்ன எழுத்தைப் பெருப்பித்துப் பாருங்கள்.