வீட்டுத் தோட்டத்தில் எந்தச் சக்கரவள்ளியை நடுவது?

(கிளைக் கூட்டத்தில் தோட்டக் கிராணியும் செயற்குழு உறுப்பினருமான அன்பர் ஆற்றிய சொற்பொழிவு)



சென்ற மாதக் கூட்டத்தில் சம்பளச் சீட்டைப் படிப்பது எப்படி என்று பேசினோம். இம்மாதம் சக்கரவள்ளிக் கிழங்கைப் பற்றிப் பேசுவோம் என்று பலகையில் எழுதிப் போட்டதும், "கிராணிக்கு என்ன வந்துவிட்டது? பேனா பிடிக்கிற கைக்கு மண்வெட்டி எதற்கு?" என்று பெரட்டுக் களத்தில் சில தோழர்கள் சிரித்தார்களாம். நியாயமான சிரிப்புத்தான். ஆயினும் இந்தக் கிழங்கு விஷயம் எங்களுக்கு மண்வெட்டியிலிருந்து வரவில்லை, செக்ரோலிலிருந்து வந்தது.

செக்ரோல் எழுதுகிறவர்களுக்கு ஆண்டின் முகம் தெரியும். அக்டோபர், நவம்பரில் மழை பிடித்துக்கொள்ளும். பட்டை நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் பாலுக்கு ஏது காசு? மழை ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் பிப்ரவரி வந்துவிடுகிறது. மரம் இலையை உதிர்க்கிறது. புது இலை முற்றும்வரை பால் சுருங்கிப் போகிறது. இந்த இரண்டு பள்ளங்களிலும் விழுந்து எழுந்திராத குடும்பம் நம் லயங்களில் எது? கடைக்காரரின் கடன் புத்தகத்தையும் எங்கள் செக்ரோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்று இளைக்கும்போது மற்றது பருக்கும். மழை நாள் கூலிக்காகச் சங்கம் பேசுவது வேறு. அது நிற்கப் போவதில்லை. அதுவரை அடுப்பு எரிய வேண்டுமே என்பதுதான் இன்றைய பேச்சு.

சக்கரவள்ளி ஏறக்குறைய மூன்றரை மாதம் முதல் நான்கு மாதத்தில் முற்றுகிற பயிர். நவம்பர் தொடக்கத்தில் கொடியை ஊன்றினால் பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் தோண்டலாம். மரம் பால் தராத மாதத்தில் மண் கிழங்கு தரும். மேற்குக் கரைத் தோட்டங்களுக்கு இந்தக் கணக்கு சரி. கிளந்தான், திரங்கானு, குவாந்தான் பக்கத்துத் தோழர்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டால் நஷ்டப்படுவார்கள். அங்கே ஆண்டுக் கடைசியில் வெள்ளம் வருகிற இடங்களில் கொடியோடு வரப்பும் போய்விடும். தண்ணீர் வடிந்த பிறகே நட வேண்டும்.

கிழங்கு என்றாலே முகம் சுளிக்கிற வீடுகளும் உண்டு. அதற்குக் காரணம் இருக்கிறது. 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் அரிசி கிடைக்காமல், மரவள்ளியையும் சக்கரவள்ளியையும் தின்று நம்மவர்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. எங்கள் பாட்டி அப்போது சிறு பெண். பின்னாளில் அரிசி தாராளமாகக் கிடைத்த பிறகு அவர் சாகும்வரை சக்கரவள்ளியை வாயில் வைக்கவில்லை. "அதைப் பார்த்தாலே அப்பா ஞாபகம் வருது" என்பார். அப்படிப்பட்டவர்களிடம் சத்துக் கணக்குச் சொல்லி வாதாடுவது பாவம். அவர்களுக்கு வேறு சமைத்துக் கொடுங்கள். நாம் நடுவது பஞ்சத்துக்குப் பயந்து அல்ல, நம் விருப்பத்தோடு. ஆகையால் எதை நடுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் நமக்கு இருக்கிறது.

சந்தையில் நிற்கும்போது நாம் தோலைப் பார்க்கிறோம். சிவப்புத் தோல் என்றால் உயர்ந்தது, வெள்ளைத் தோல் என்றால் மட்டம் என்று ஓர் எண்ணம். தோலுக்கும் சதைக்கும் சம்பந்தம் இல்லை, தோழர்களே! சிவப்புத் தோலுக்குள் வெள்ளைச் சதை இருக்கும். மங்கல் தோலுக்குள் பூசணி நிறச் சதை இருக்கும். சின்னக் கிழங்கு ஒன்றை ஒடித்துப் பார்க்காமல் கொடி வாங்காதீர்கள். சதைதான் நமக்கு வேண்டிய சேதியைச் சொல்லும்.

வீட்டில் தவழ்கிற பிள்ளையோ, பள்ளிக்குப் போகிற பிள்ளையோ, பால் கொடுக்கும் தாயோ இருந்தால் ஆரஞ்சுச் சதைக் கிழங்கு ஒரு வரிசையாவது இருக்க வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம். அந்த நிறம் பீட்டா கரோட்டின் என்ற பொருளால் வருவது. உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. அது குறைந்தால் வருவது மாலைக்கண். இருட்டோடு எழுந்து நெற்றி விளக்கோடு வெட்டுக்காட்டுக்குப் போகிறவர்களுக்குக் கண்ணின் அருமையை நாங்கள் சொல்ல வேண்டுமா? ஆப்பிரிக்காவில் மொசாம்பிக், உகாண்டா முதலிய நாடுகளில் மக்கள் வெள்ளைக் கிழங்கையே தின்று பழகியிருந்தார்கள். அங்கே ஆரஞ்சுக் கிழங்கைப் பரப்பிய மரியா அந்திராடே, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ ஆகியோரும், பயிர்களிலேயே சத்தைக் கூட்டும் வேலையில் ஈடுபட்ட ஹோவர்த் பூயிஸும் 2016 ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசைப் பெற்றார்கள். ஒரு கிழங்கின் நிறத்தை மாற்றியதற்கு உலகப் பரிசா என்று கேட்கலாம். பிள்ளையின் கண்ணைக் காப்பாற்றியதற்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டிலும் 1969 இல் ஏற்பட்ட மார்டி என்னும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், விட்டாத்தோ என்ற ஆரஞ்சுச் சதை ரகத்தை 2007 இல் வெளியிட்டது. சந்தையில் மலாய்க்கார வியாபாரியிடம் 'கெலேடெக் ஓரென்' என்று கேட்டால் ஆரஞ்சுச் சதைக் கிழங்கை எடுத்துக் காட்டுவார். ஊதாச் சதை உள்ள அங்குன் என்ற ரகமும் மார்டியினுடையதே. ஆனால் ஒன்று: ஊதாவைக் கண்டு அதுவும் கண்ணுக்கு நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். அதில் இருப்பது வேறு சாயம். அது வைட்டமின் ஏ ஆகாது. பிள்ளைகளுக்கு ஊதா பிடிக்கும், பலகாரத்துக்கு அழகு, அதற்காக நடுங்கள்.

ஆரஞ்சுக்கும் ஒரு குறை உண்டு. பெரும்பாலும் நீர்ச்சதை. புளிக்குழம்பில் போட்டால் குழைந்து காணாமற் போய்விடும். தாய்மார்கள் சொல்லித்தான் இது எங்களுக்குத் தெரியவந்தது. குழம்புக்கும், மாவில் தோய்த்துப் பொரிக்கவும், வெட்டுக்காட்டுக்குப் பசியாறக் கட்டிக்கொண்டு போகவும் மாவுச்சதை உள்ள வெள்ளையோ மஞ்சளோதான் நிற்கும். வயிறும் அதில்தான் நிறையும். ஆரஞ்சை அவித்துத் தேங்காய்ப்பூ போட்டோ, தேங்காய்ப்பாலில் புபோர் சாசா காய்ச்சியோ கொடுங்கள். கொஞ்சம் கொழுப்புச் சேர்ந்தால்தான் அந்த ஆரஞ்சுச் சத்தை உடம்பு நன்றாக ஏற்கும். தேங்காய் சேர்த்த நம் பெரியவர்கள் அறியாமலே சரியாகச் செய்திருக்கிறார்கள்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் நம்மில் அதிகம் ஆகிவிட்டார்கள். "சக்கரவள்ளி சர்க்கரைக்கு நல்லது" என்று யாரோ சொல்லி, சோற்றையும் தின்று கிழங்கையும் தின்கிற அண்ணன்மார் இருக்கிறார்கள். கிழங்கும் மாவுதான். சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் கிழங்கு. சோற்றுக்கு மேல் கிழங்கு அல்ல. சுட்ட கிழங்கைவிட அவித்தது இரத்தத்தில் சர்க்கரையை மெதுவாக ஏற்றும். மருந்தை நிறுத்த அது காரணம் ஆகாது.

இலைக்காகவும் சில கொடிகள் வேண்டும். சக்கரவள்ளியும் கங்கோங் கீரையும் ஒரே குடும்பம். இளங்கொழுந்தை நெத்திலியும் மிளகாயும் போட்டு வதக்கினால் அது ஒரு நாள் கறி. ஆனால் கிழங்குக்கு வைத்த வரிசையில் தினந்தோறும் கொழுந்து கிள்ளினால் கிழங்கு சிறுக்கும். தண்ணீர்க் குழாய் ஓரத்தில் கொழுந்துக்கென்று பத்துக் கொடியைத் தனியாக விடுங்கள்.

இனி எங்கள் மானம் போன கதையைச் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிநேகிதர் வீட்டில் கொடி கொழுகொழுவென்று படர்ந்திருப்பதைக் கண்டு, அறுபது துண்டு வெட்டி வந்தோம். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ரப்பர் மரம் ஓரமாக, வெயில் படாத குளிர்ந்த இடம் என்று மகிழ்ந்து, மாட்டுச் சாணத்தைக் கொட்டிக் கொட்டி வளர்த்தோம். கொடி முழங்கால் உயரம் எழுந்தது. போகிறவர் வருகிறவரெல்லாம் புகழ்ந்தார்கள். நான்காம் மாதம் தோண்டினால் எலிவால்! கிழங்கே இல்லை. "ரகம் சரியில்லை" என்று கொடியைப் பிடுங்கி எறிந்தோம். அதில் ஒரு கைப்பிடியைப் பக்கத்து லயத்து அக்கா எடுத்துக்கொண்டு போய், அடுப்புச் சாம்பல் கொட்டுகிற வெட்டவெளியில் மண்ணைக் குவித்து நட்டார். அடுத்த ஆண்டு அதே ரகத்தில் கைமுட்டி கைமுட்டியாகக் கிழங்கு எடுத்து, ஒரு தட்டு நிறைய எங்கள் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். அதைத் தின்னும்போது தொண்டையில் இறங்கவில்லை.

நிழலில் சக்கரவள்ளி இலைதான் வளர்க்கும். சாணமும் கோழி எருவும் மிஞ்சினால் அதுவே நடக்கும். கிழங்கு பருக்க வேண்டியது சாம்பல்சத்து; விறகு எரிக்கிற வீட்டில் அது இலவசமாகக் கிடக்கிறது. ஆகவே ரகத்தைக் குறை சொல்லுமுன் இடத்தைப் பாருங்கள். மழைக் காலத்தில் நடுவதால் தண்ணீர் தேங்காதபடி ஓரடி உயரத்துக்கு வரப்புக் கட்டுவது கட்டாயம். கொடியின் நுனிப் பக்கமாக ஓரடித் துண்டு வெட்டி, மூன்று நான்கு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள்.

பூச்சியில் பெரிய எதிரி கிழங்கு வண்டு. அது துளைத்த கிழங்கு கொஞ்சம் கெட்டாலும் முழுவதும் கசக்கும், மாட்டுக்குக்கூட ஆகாது. வெயில் அடித்து மண் வெடிக்கிற பிளவு வழியாகத்தான் அது இறங்குகிறது. கிழங்கு மேலே துருத்திக்கொண்டு வைக்கிற ரகத்தை வண்டு முதலில் பிடிக்கும். ஆழத்தில் வைக்கிற ரகம் தப்பும். கொடி வாங்கும்போது "கிழங்கு மேலே வைக்குமா, கீழே வைக்குமா?" என்று மறக்காமல் கேளுங்கள். வெடிப்பில் மண் அணையுங்கள். முற்றிய பிறகு மண்ணிலேயே விட்டுவைக்காதீர்கள். ஒரே இடத்தில் அடுத்த முறையும் நடாதீர்கள். எல்லாம் ஒரே நாளில் தோண்டினால் வைத்துக் காப்பாற்ற முடியாது. ஐஸ்பெட்டியில் வைத்தால் நடுவில் கட்டை விழும். பதினைந்து நாளுக்கு ஒரு வரிசையாக நட்டால் தோண்டுவதும் அவ்விதமே வரும்.

இடம் எங்கே என்று கேட்பீர்கள். 1920களில் கூட்டு மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டத்திலேயே, குடும்பமுள்ள தோட்டத் தொழிலாளிக்குப் பயிரிடவோ ஆடுமாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 2,700 சதுர அடி, ஒதுக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். வெள்ளைக்கார அரசாங்கமே ஒப்புக்கொண்ட தேவை அது. இன்று நம் கையில் இருப்பது லயத்துக்குப் பின்னால் இருபதடிக்குப் பத்தடி. அதில் மூன்று வரப்புப் போட்டு அடிக்கு ஒன்றாக 60 கொடி நடலாம். கொடிக்கு 400 கிராம் என்று அடக்கமாக வைத்தாலும் 24 கிலோ. எங்கள் கணக்கு இது. மண்ணின் கணக்கு கூடவும் குறையவும் செய்யும்.

தோட்டம் எப்போது கைமாறும், செம்பனையாகும், வீட்டு மனையாகும் என்று தெரியாத நிலையில் பலா நட என்ன, தென்னை நட என்ன என்று ஒரு பெரியவர் எங்களிடம் கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் இந்தப் பயிருக்கு நான்கு மாதம் போதும். நோட்டீஸ் வந்தாலும் கொடியைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு போகலாம். அக்கா வைத்திருக்கிற மஞ்சள் ரகம் அவருடைய மாமியார் விற்கப்பட்ட வேறு ஒரு தோட்டத்திலிருந்து அப்படித்தான் கொண்டுவந்ததாம். அந்த லயம் இன்று இல்லை; கொடி இருக்கிறது.

மண்டபத்துக்குப் பின்னால் மூன்று சாக்குகள் நனைத்து வைத்திருக்கிறோம். சிவப்புக் கயிறு கட்டியது ஆரஞ்சுச் சதை, வெள்ளைக் கயிறு கட்டியது அக்காவின் மஞ்சள், கயிறு இல்லாதது கொழுந்துக்கு. வீட்டுக்கு ஒவ்வொன்றிலும் இருபது துண்டு. கைக்குழந்தை உள்ள தாய்மார்கள் முதலில் எடுத்துக்கொள்ளட்டும். இரண்டு நாள் நிழலில் போட்டுவைத்து நட்டால் போதும். இன்றிரவே நட வேண்டியதில்லை. மிஞ்சினால் கிராணிக்கும் ஒரு கட்டு வையுங்கள். இந்த முறை வெயிலில் நடுவோம்.