துருவேறிய காரும் தெளிந்த முடிவும்



ஊரை விட்டு வரும்போது நாம் உடன் கொண்டுவரும் பொருள்கள் யாவும் பயன் கருதியவை அல்ல. சில உறவு கருதியவை. நமக்கு அறிமுகமான நண்பர் ஒருவரின் இல்லத்தில் அத்தகைய பொருள் ஒன்று உண்டு. அவருடைய தந்தையார் சென்னையில் வாங்கிப் பின்னர் தில்லிக்குக் கொண்டுவந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் அது. இருபது ஆண்டுகளாகத் தார்ப்பாயின் கீழ்த் துருப்பிடித்துக் கிடக்கிறது. அதைப் புதுப்பிப்பதா, மாயாபுரியில் பழைய இரும்பாக விற்றுவிடுவதா என்று அவர் நம்மை வினவினார்.

ஹெரால்டு எளிய குடும்பக் காரே. எனினும் அதன் குலம் பெரிது. இத்தாலியரான மிக்கெலாட்டி வடிவமைக்க, 1959இல் இங்கிலாந்தில் டிரயம்ப் நிறுவனம் அதை வெளியிட்டது. 1961 முதல் நம் சென்னையில் அது தயாராயிற்று. 1962இல் தோன்றிய ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரும் இதன் அடிச்சட்டத்தைக் குறுக்கி அமைக்கப்பட்டதே. ஆகையால் ஒன்றுக்குச் சொல்வது பெரும்பாலும் மற்றதற்கும் பொருந்தும்.

பழைய காரைப் பார்க்கச் செல்வோர் முதலில் வண்ணத்தையும் என்ஜினையும் பார்க்கின்றனர். இது பிழை. வண்ணம் மீண்டும் பூசத்தக்கது. என்ஜினைப் பிரித்துச் சீராக்கலாம். துரு தின்ற அடிச்சட்டமே செலவுக்கு எல்லையின்றிச் செய்வது. ஆகவே வண்டியின் கீழே படுத்துப் பார்த்தல் வேண்டும். சிறு சுத்தியால் தட்டினால் உறுதியான இரும்பு கணீரென ஒலிக்கும். உளுத்த இரும்பு மந்தமாக ஒலிக்கும். திருப்புளியின் முனை உள்ளே இறங்கினால் ஐயமே வேண்டா. கடற்கரை ஊரில் பல்லாண்டு ஓடிய வண்டியாயின் உப்புக் காற்று தன் வேலையைச் செய்திருக்கும். தில்லியின் வறண்ட காற்று அதை மாற்றிவிடாது.

நண்பரின் வண்டியில் பக்கவாட்டுத் தாங்கிகள் உளுத்திருந்தன. நீண்ட முதன்மைச் சட்டங்கள் இரண்டும் உறுதியாக இருந்தன. தாங்கிகளை வெட்டியெடுத்துப் புதியன பற்றவைத்தல் இயலும். முதன்மைச் சட்டமே உளுத்திருந்தால், தந்தையாரின் நினைவாக ஒரு நிழற்படத்தை வைத்துக்கொண்டு வண்டியை விட்டுவிடுமாறு கூறியிருப்போம்.

இனிச் சட்டத்தின் நிலை. பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் தலைநகர் வட்டாரத்தில் ஓடலாகாது என்ற ஆணையை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது; 2025இல் அது குறித்து மேலும் ஆணைகள் பிறந்தன. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கோ 2021ஆம் ஆண்டு மத்திய அரசின் விதி தனி வழி வகுத்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சி, பழங்கார் அணிவகுப்பு, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்காக ஓட்டலாம். நாள்தோறும் அலுவலகம் செல்ல இயலாது. அடிச்சட்டம், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றை மாற்றியமைத்த வண்டிக்கு இச்சலுகை இல்லை. ஆகவே வேலை தொடங்குமுன் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிதல் நலம். சென்னையில் பதிவான வண்டியை இங்கு மாற்றிப் பதிய, அங்கிருந்து தடையின்மைச் சான்று பெறுதலும் தேவை.

செலவு செய்யும் முறையும் உண்டு. முதலில் அடிச்சட்டம், அடுத்துப் பிரேக்கு, பின்னர் என்ஜின், வண்ணம் கடைசியில். காஷ்மீரி கேட்டில் உதிரிப் பொருள் தேடுமுன், கழற்றிய பழைய உறுப்பைக் கையில் கொண்டு செல்க. போட்ட பணம் விற்பனையில் திரும்பும் என்று எண்ணற்க. பெரும்பாலும் திரும்பாது.

நண்பர் இக்கணக்கை எல்லாம் எழுதிப் பார்த்தார். பணம் திரும்பாது என்று அறிந்தே புதுப்பிக்க முடிவு செய்தார். மகளின் திருமணச் செலவு முடியும்வரை வேலையைத் தள்ளியும் வைத்தார். இரண்டும் நல்ல முடிவுகளே என்பது நம் கருத்து. பாசத்தால் ஒரு வண்டியைக் காப்பது தவறன்று; அதன் அடிச்சட்டத்தைப் பாராமல் காக்கத் தொடங்குவதே தவறு.