ஆஸ்பத்திரி வாசலில் கட்டணம் வைத்தது யார்?



அந்நிய உதவி என்றால் கோதுமை மூட்டையும் மருந்துப் பெட்டியும்தான் நம் கண்முன் வருகின்றன. ஆனால் பணம் தனியாக வருவதில்லை. கூடவே யோசனையும் வருகிறது. அந்த யோசனை யாருக்கு நன்மை செய்தது? ஆப்பிரிக்காவின் அனுபவத்தைப் பார்ப்போம்.

1987-ல் உலக வங்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஏழை நாடுகளின் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் நோயாளியிடம் கட்டணம் வசூலிக்க வேண்டும் என்பது அதன் முக்கிய யோசனைகளில் ஒன்று. அந்தப் பணத்தில் மருந்து வாங்கலாம், அநாவசியக் கூட்டமும் குறையும் என்று வாதித்தார்கள். கடனில் மூழ்கிய நாடுகளுக்கு மறுத்துப் பேச வலு ஏது?

கென்யாவில் 1989 டிசம்பரில் கட்டணம் வந்தது. விளைவு என்ன? நைரோபி நகரில் பால்வினை நோய்களுக்குச் சிகிச்சை தரும் ஓர் ஆஸ்பத்திரியில், முன்பு 100 ஆண்கள் வந்த இடத்தில் 40 பேரே வந்தனர். 100 பெண்கள் வந்த இடத்தில் 65 பேரே வந்தனர். குறைந்தது கூட்டம்தான், நோய் அல்ல! சிகிச்சை பெறாதவரிடமிருந்து நோய் கணவன் அல்லது மனைவிக்கும் பரவக்கூடும். 1990-ல் சர்க்கார் அந்தக் கட்டணத்தை நிறுத்தியது. 1992 முதல் வேறு வடிவில் திரும்பக் கொண்டுவந்தது.

மறுபக்கத்தையும் பார்ப்போம். உகாண்டா 2001 மார்ச்சில் சர்க்கார் ஆஸ்பத்திரிக் கட்டணத்தை ரத்துச் செய்தது. ஏழை மக்கள் திரண்டு வந்தனர். ஆனால் பல இடங்களில் மருந்து தீர்ந்துபோயிற்று. ஜாம்பியா 2006 ஏப்ரலில் கிராமப்புறங்களில் கட்டணத்தை எடுத்தது. 2005-ல் ஸ்காட்லாந்தில் கூடிய பணக்கார நாடுகள் ஒப்புக்கொண்ட கடன் தள்ளுபடியும், பிரிட்டனின் உதவிப் பணமும் அதற்குக் கைகொடுத்தன.

ஆக, வெளியார் பணம் ஆஸ்பத்திரிக் கதவை அடைக்கவும் உதவியது, திறக்கவும் உதவியது. எனவே உதவியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நிபந்தனை என்ன? மக்கள் சபையில் அதைப் பகிரங்கமாக விவாதித்தார்களா? கட்டணம் போனால் மருந்துக்கும் நர்ஸ் சம்பளத்துக்கும் பணம் எங்கிருந்து வரும்? இந்த மூன்றையும் கேட்க வேண்டும் என்கிறோம்.

படுத்துவிட்டால் அன்றைய கூலி போச்சு என்பது மில்லிலும் வயலிலும் உழைக்கும் நமக்குத் தெரியும். கூலியை இழந்தவனிடம் கட்டணமும் கேட்டால், அவன் வைத்தியத்தைத்தான் கைவிடுவான். கென்யாவின் உழைப்பாளிக்கும் கணக்கு இதுதான். யோசனை எழுதுகிறவர்கள் முதலில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்!