கரட்டு எழுத்தின் கதை



கவிதையைப் பற்றி இங்கே பலரும் பேசினார்கள். கவிதையைச் சுமந்துவரும் அச்செழுத்தைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல விழைகிறேன். சொல்லின் பொருள் மனத்தைத் தொடுமுன்பே எழுத்தின் உருவம் கண்ணைத் தொட்டுவிடுகிறது. அந்த முதற்பேச்சுக்கு யார் பொறுப்பு என்பதே என் கேள்வி.

ஜெர்மனியின் ஆஃபன்பாக் நகரில், கிளிங்ஸ்போர் எழுத்து வார்ப்பகத்தில் பணியாற்றியவர் ருடால்ஃப் கோக் (1876–1934). அவர் 1923இல் 'நோய்லாண்ட்' என்ற எழுத்துருவை அளித்தார். 'புதுநிலம்' என்பது அப்பெயரின் பொருள். பெரிய எழுத்துகள் மட்டுமே கொண்டது; தடித்தது; விளிம்பு கரடானது; தொலைவிலிருந்தே கண்ணை இழுப்பது.

அக்கரடு எப்படி வந்தது? எழுத்தைத் தாளில் வரைந்து, அவ்வரைபடத்தைப் பார்த்து உலோகத்தில் வெட்டுவது அன்றைய வழக்கம். கோக் வரையவே இல்லை. உலோகத்தின் முனையில், இடவலம் மாற்றி, நேரே தம் கையாலேயே செதுக்கினார். ஒவ்வோர் அளவையும் தனித்தனியே வெட்டியதால் ஓரளவின் எழுத்து மற்றோரளவின் எழுத்தை அப்படியே ஒத்திருக்கவில்லை. ஆகவே அக்கரடு பூசப்பட்ட அலங்காரமன்று. உளியும் உலோகமும் மோதியதன் தழும்பு.

இனிதான் கதை திரும்புகிறது. அமெரிக்காவில் அவ்வெழுத்து விளம்பரங்களில் பரவியது. நாளடைவில் ஆப்பிரிக்கா பற்றிய நூல்களின் அட்டைகளிலும், கறுப்பின எழுத்தாளர்களின் நூலட்டைகளிலும், காட்டுப்பயண விளம்பரங்களிலும் அது குடியேறியது. 1993இல் வெளிவந்த 'ஜுராசிக் பார்க்' திரைப்படத்தின் பெயரும் அதன் உட்கோடிட்ட வகையில்தான் பொறிக்கப்பட்டது. தொல்விலங்கும் காடும் ஒரு கண்டத்து மக்களின் இலக்கியமும் ஒரே எழுத்தில்! 'இவர்கள் பண்படாதவர்கள்' என்று எவரும் எழுதவில்லை. எழுத்தின் உருவம் அதைச் சொல்லிவிட்டது. ஆணையிட்டவர் எவருமில்லை. முன்னவர் எடுத்ததைப் பின்னவரும் எடுத்தார், அவ்வளவே. ஓர் ஐரோப்பியக் கைவினைஞரின் உளித்தழும்பு, அவர் எண்ணிப் பார்த்திராத மாந்தரின் முகத்தில் முகமூடியாயிற்று.

அன்பர்களே, இது அச்சுக்கூடத்துக் கதை மட்டுமா? உழவனையும் கூலியாளையும் பாட எடுக்கும்போது நம் கை தானாகவே கரட்டுச் சொற்களைத் தேடுகிறதே, அது எங்கிருந்து வந்தது? அம்மனிதனோடு மோதிப் பிறந்த தழும்பா? முன்னவர் எடுத்தார் என்று நாமும் எடுத்த முகமூடியா? நயமான சொல் அவனுக்கு உரியதன்று என்று தீர்மானித்தவர் யார்?

கரட்டை நான் பழிக்கவில்லை. கோக்கின் எழுத்து இன்றும் அழகியதே. செதுக்கியதால் வந்த கரடு நிலைக்கட்டும்; பிறர்மேல் பூசிய கரட்டை நாமே சுரண்டி எடுப்போம். அடுத்த நூலின் அட்டை ஒப்புதலுக்கு வரும்போது, பெயரைப் படிக்குமுன் எழுத்தை ஒருகணம் பாருங்கள். உங்களை முந்திக்கொண்டு அது என்ன பேசுகிறது என்று கேளுங்கள்.