நம் பொருளை நாமே பழையதாக்குவோம்



வேரூன்றி நிற்கும் நிறுவனங்களில் புதிய தொழில்நுட்பம் ஏன் வாசலிலேயே நின்றுவிடுகிறது? பணம் இல்லையா? அறிவு இல்லையா? இரண்டும் குவிந்து கிடந்த ஓர் இடத்தைச் சொல்கிறேன்: அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்துக் கோடாக் நிறுவனம்.

1975-ஆம் ஆண்டு. ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர் அங்கே ஒரு கருவியைச் செய்து முடித்தார். மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை. சூப்பர் 8 சினிமா கேமராவிலிருந்து எடுத்த லென்ஸ், 16 பேட்டரிகள், பக்கவாட்டில் ஒரு கேசட். ஒரு படம் நாடாவில் பதிய 23 விநாடி ஆகும். கறுப்பு வெள்ளைப் படம். அதையும் டிவி திரையில்தான் பார்க்க வேண்டும். ஆனால் அதில் ஃபிலிம் இல்லை! டிஜிட்டல் கேமரா பிறந்துவிட்டது!

தன் படத்தை டிவியில் பார்க்க யார் ஆசைப்படுவார்கள் என்று மேலதிகாரிகள் கேட்டார்கள். 1978-இல் காப்புரிமை கிடைத்தது. கருவி கடைக்கு வரவில்லை. ஏன்? ஃபிலிம் விற்றால் லாபம். அதைக் கழுவும் ரசாயனம் விற்றால் லாபம். அச்சிடும் தாள் விற்றால் லாபம். ஒரே படத்துக்கு மூன்று முறை நிறைந்த கல்லாப்பெட்டி அது! அதில் கைவைக்கும் கருவியை எந்த அதிகாரி கொண்டாடுவார்? இந்த ஆண்டு லாபத்தை வைத்தே ஒருவரை எடைபோடும் இடத்தில், பத்தாண்டு கழித்துப் பலன் தரும் முயற்சிக்குக் கையெழுத்துப் போட யார் துணிவார்? நண்பர்களே, தடை அங்கேதான் இருக்கிறது.

இத்தனைக்கும் அந்த நிறுவனத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஈஸ்ட்மன் அப்படி அஞ்சியவர் அல்லர். ஒளிப்படக் கண்ணாடித் தட்டு செய்து விற்றவர், அந்தத் தட்டையே தேவையற்றதாக்கும் சுருள் ஃபிலிமைத் தாமே கொண்டுவந்தார். 1888-இல் கோடாக் கேமரா பிறந்தது அந்தத் துணிச்சலில்தான். அவர் வளர்த்த நிறுவனம் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றப் படி ஏறியது. ஆனால் ஃபிலிம் செய்த ரசாயன அறிவை எல்சிடி திரைக்கும் மருந்துக்கும் அழகுப் பொருளுக்கும் திருப்பிய ஜப்பானின் ஃபியூஜிஃபிலிம் தலைநிமிர்ந்து நிற்கிறது!

ஆகவே, நிறுவனங்களை நடத்தும் பெரியோர்களே, உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். புதிய முயற்சிக்குத் தனிக் குழு கொடுங்கள், தனி நிதி கொடுங்கள். அதன் முதலாண்டு வரவைப் பழைய பிரிவின் லாபத்தோடு ஒப்பிட்டு நசுக்காதீர்கள். பழைய பிரிவில் உழைப்பவர்களுக்குப் புதிய வேலையைக் கற்றுக்கொடுங்கள். தன் பிழைப்புக்கு ஆபத்தில்லை என்று தெரிந்தால்தான் ஒரு தொழிலாளி மாற்றத்துக்குத் தோள் கொடுப்பார். நம் பொருளை நாமே பழையதாக்கினால் தொழில் நம்மிடம் இருக்கும். அடுத்தவர் பழையதாக்கினால் தொழிலும் அவரிடமே போய்விடும்!